ஸ்திரீபார்ட்

பெண் வேஷம் கட்டிய ஆண் நடிகனைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் பாராட்டு ஒன்றே ஒன்றுதான்: பெண்களே தோற்றுப்போனார்கள். நாடக நினைவுக் குறிப்புகளிலும் சரி, திண்ணைப் பேச்சிலும் சரி, இதைத் தாண்டி ஒரு வாக்கியம் கிடைப்பது அபூர்வம். ராஜபார்ட்டைப் பற்றிப் பேச நமக்கு நிறைய இருக்கிறது. குரல், ஸ்ருதி, வசன உச்சரிப்பு, தர்க்கத்தில் எதிராளியை மடக்கிய விதம். பபூனைப் பற்றியும் உண்டு. ஸ்திரீபார்ட் என்றால் மட்டும், அசல் பெண்ணென்றே நம்பிவிட்டார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் பாராட்டு அந்தக் கலைக்கும் அதைச் செய்த மனிதர்களுக்கும் செய்த கெடுதல் கொஞ்சமல்ல என்று நினைக்கிறேன். ஏமாற்றியதற்காகப் பாராட்டப்பட்டவன், ஏமாற்றத் தேவையில்லாத காலம் வந்ததும் வேண்டாதவனாகிவிடுகிறான். அசல் வந்த பிறகு நகல் எதற்கு என்று கேட்டுவிடலாம். நாம் அப்படித்தான் கேட்டோம்.

இதை யோசிக்க எனக்கு வாய்த்தது ஊர் காரணமாக. நயினார்கோவில் பக்கம் எங்கள் ஊர். பரமக்குடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம், மிளகாய்க் கொல்லை. நாகநாதரும் சௌந்தரநாயகியும் கோயில் கொண்டிருக்கும் இடம். பேச்சு வராத மகளோடு வந்த ஒரு முஸ்லிம் பெரியவர், அவள் கோயில் குளத்தில் முழுகி எழுந்து வாய் திறந்து பேசியதைக் கண்டு சுவாமியை ‘நயினார்’ என்று அழைத்தார், அதுவே ஊருக்குப் பெயராயிற்று என்பார்கள். நாகநாதர் என்ற பெயர் இருக்க, வெளியிலிருந்து வந்த ஒருவர் வாய்நிறையக் கூப்பிட்ட பெயர் நிலைத்துவிட்டது. பிறர் கூப்பிட்ட பெயரே நிலைத்துப்போவது ஸ்திரீபார்ட் நடிகர்களின் விதியும்கூட. அதற்குப் பிறகு வருகிறேன்.

மிளகாய் வற்றல் விற்றுக் கையில் காசு புழங்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் சுற்றுவட்டாரத்தில் நாடகம் நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்து, பபூன் இன்னொரு ஊர். ஹார்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு எல்லோரையும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுப்பார்கள். ஒத்திகை இல்லை. மேடையேறும்போதுதான் ஒருவரையொருவர் முதல் தடவையாகப் பார்ப்பதும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு எல்லோருக்கும் பாடம். அதனால் ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும் வள்ளி திருமணம் தட்டுத்தடங்கலில்லாமல் பொழுது விடிய முடியும்.

நான் பார்க்கத் தொடங்கிய 1960-களின் கடைசியில் எங்கள் பக்கம் ஸ்திரீபார்ட் கட்ட வந்தவர்கள் பெண்களே. மதுரையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வருவார்கள். ஆனால் மேடைக்குப் பின்னால், ஓலைத்தட்டி மறைப்பில், அந்தப் பெண்களுக்கு அரிதாரம் பூசி, சவுரி வைத்துப் பின்னி, கொசுவம் சரிசெய்துகொண்டிருந்தவர் ஒரு கிழவர். இருபது வருஷத்துக்குமேல் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் சந்திரமதியாகவும் நின்றவர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் வீட்டார் விரும்பமாட்டார்கள். அவர்கள் ஏன் விரும்பமாட்டார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயத்தில் பாதி.

2

நம் நாடக சரித்திரத்தில் பெண்வேஷ ஆண்கள் வந்த வழிகள் பல. கூத்தில் இது என்றைக்கும் இருந்தது. திரௌபதியாக நின்றவன் ஆண் என்பது அங்கே பேச்சாகவே வரவில்லை. படம்பிடித்த மேடையில், சீன் தொங்கிய மேடையில்தான் அது ஒரு விசேஷமாயிற்று. அங்கே இரண்டு வழிகள் முக்கியம்.

ஒன்று சென்னைப் படிப்பாளிகளின் சபை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். பெண் வேஷமும் அவர்களே. முதலியாருக்கு ஜோடியாகப் பல வருஷங்கள் நாயகி வேஷம் கட்டியவர் சி.ரங்கவடிவேலு முதலியார். ‘நாடக மேடை நினைவுகள்’ நூலில் ரங்கவடிவேலுவைப் பற்றி வரும் பக்கங்களை வெறும் சக நடிகரைப் பற்றிய குறிப்புகளாக வாசித்துவிட முடியாது. ஓர் ஆண் தன் நண்பன்மேல் கொண்ட பிரியத்தைக் கூச்சமில்லாமல் எழுதிய தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. அவற்றில் இவை சேரும். ஆனால் இந்தக் கனவான்களுக்கு வேஷம் பொழுதுபோக்கு. விடிந்தால் வேறு தொழில் இருந்தது, வேறு உடுப்பு இருந்தது. மேடையில் கட்டிய சேலை அந்த உடுப்பின் மதிப்பைக் குறைக்கவில்லை.

இன்னொன்று தொழில்முறைக் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) பெரியவர்களை வைத்து நாடகம் நடத்திச் சலித்துப்போனவர். வயது வந்த நடிகர்கள் கட்டுக்கு அடங்கவில்லை. மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். சிறுவர்களை வைத்துப் பழக்கினால் பாடம் பிசகாது என்ற யோசனையிலிருந்து பாலர் சபைகள் பெருகின. 1918-ல் மதுரையில் அவரை ஆசிரியராகக் கொண்டு எழுந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். ஏழெட்டு வயதில் கம்பெனி வீட்டுக்குள் போகும் பையனுக்கு அங்கேயே சாப்பாடு, அங்கேயே பாடம், அங்கேயே அடி. முகம் கொஞ்சம் வழவழப்பாகவும் குரல் மெல்லியதாகவும் இருந்தால் அவன் ஸ்திரீபார்ட்.

அவன் அப்படி இருக்கக்கூடிய காலம் ரொம்பக் குறைச்சல். பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடையும். மகரக்கட்டு என்று கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நேற்றுவரை சீதையாக இருந்தவன் இன்றைக்கு மேல் ஸ்தாயியை எட்ட முடியாமல் மேடையில் நிற்பான். அதிர்ஷ்டம் இருந்தால் குரல் மறுபடி ஒரு பக்கமாகச் சேர்ந்து ராஜபார்ட் ஆவான். இல்லாவிட்டால் சின்னச் சின்ன வேஷம், சீன் இழுக்கும் வேலை, அல்லது ஊருக்கு ரயில் சார்ஜ். சிவாஜி கணேசன் பையனாகக் கம்பெனியில் கட்டிய வேஷங்களில் சீதை உண்டு. ஏ.பி.நாகராஜன் டி.கே.எஸ். குழுவில் பெண் வேஷம் கட்டியவர். இவர்கள் கதையில் ஸ்திரீபார்ட் ஒரு படி. ஏறித் தாண்டிய படி. ஆண் நடிகனின் வாழ்க்கையில் பெண் வேஷம் ஒரு பருவம்தான் என்று பாலர் சபைகள் நமக்குப் பழக்கிவிட்டன. பல் விழுந்து முளைப்பதைப் போல. அந்தப் பருவத்தைத் தாண்டாமல் அதிலேயே நின்று அதையே வாழ்நாள் தொழிலாகச் செய்தவனைப் பார்க்க நமக்குக் கண் இல்லாமல் போனதற்கு இதுவே முதல் காரணம்.

3

இதற்கு ஒரு விலக்கு உடனே ஞாபகத்துக்கு வரும்: அவ்வை சண்முகம். 1912-ல் பிறந்த டி.கே.சண்முகம் 1942-ல் மேடையேறிய ஔவையார் நாடகத்தில் கிழவியாக நின்றார். அப்போது அவருக்கு முப்பது வயது. பாலர் சபைப் பருவம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆண்குரல் திரண்ட ஒருவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த பெண் வேஷம் அது. வேஷத்தின் பெயர் அவருடைய சொந்தப் பெயருக்கு முன்னால் பட்டமாக ஏறி உட்கார்ந்தது. 1973-ல் அவர் மறைந்த பிறகும் இறங்கவில்லை. 1996-ல் கமல்ஹாசன் மாமி வேஷம் கட்டிய படத்துக்கு அவர் பெயரை ஒட்டியே பெயர் வைக்கப்பட்டது. கமல்ஹாசனும் சிறுவயதில் சண்முகத்திடம் நாடகம் பயின்றவர்.

எல்லாம் சரி. ஆனால் சண்முகத்தின் தகப்பனார் டி.எஸ்.கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேஷத்தில் பெயர் வாங்கிய நடிகர் என்பதை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்? அவர் டி.கே.எஸ். என்ற எழுத்துக்களில் நடுவில் வரும் ‘கே’யாகத்தான் நம்மிடம் தங்கியிருக்கிறார். மகனுக்குப் பட்டம், தகப்பனுக்கு ஓர் எழுத்து. இது கலைத்திறமையின் ஏற்றத்தாழ்வு மட்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. தகப்பன் கட்டியது இளம் பெண்களின் வேஷம். மகன் கட்டியது ஔவை. விநாயகரை வேண்டித் தன் இளமையை உதறிக் கிழவியானவள் என்று கதையிலேயே சொல்லப்பட்டவள். அவளுக்கு உடம்பின் ஆபத்து எதுவும் இல்லை. அவளைக் கட்டிய ஆணைப் பார்த்து எந்த ஆணும் சஞ்சலப்பட வேண்டியதில்லை. நரைத்த தலை, கூன், கைத்தடி, தமிழ். இப்படிப்பட்ட பெண் வேஷத்தை ஒரு சமூகம் மரியாதையாக ஏற்றுக்கொள்ளும், பட்டமாகச் சூட்டும். வள்ளியாக நின்று ஆயிரம் ஆண்களைக் கிறங்கவைத்தவனை அது மறக்கவே விரும்பும். தான் கிறங்கியதை மறக்க வேறு வழி என்ன?

இந்த இடத்தில் கே.பி.சுந்தராம்பாளை யோசித்துப் பார்க்க வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பாவோடு வள்ளியாக நின்றவர். 1933-ல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் போனபின் வெள்ளைச் சேலைக்கு மாறியவர். இன்னொரு ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தவர். 1935-ல் லட்ச ரூபாய் சம்பளம் என்று ஊரெல்லாம் பேச ‘பக்த நந்தனா’ரில் நடித்தார். நந்தனாராக, ஆணாக. பிறகு 1953-ல் ஜெமினியின் ‘ஔவையா’ரில் ஔவை. ஜோடி கிடையாது என்று முடிவு செய்த ஒரு பெண்ணுக்கு நம் கலையுலகம் திறந்துவிட்ட கதவுகளில் ஒன்று ஆண், இன்னொன்று கிழவி. மேடையில் ஆண் கட்டிய ஔவையை, ஆணாக நின்று பழகிய ஒரு பெண் திரையில் கட்டினார். இருவருக்கும் அந்த வேஷம் பொருந்தியதற்குக் காரணம் ஒன்றேதான்: ஔவை இளம்பெண் அல்ல, யாருக்கும் ஜோடியும் அல்ல.

குரல் பற்றியும் ஒரு வார்த்தை. மைக் வராத காலத்தில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமானால் உச்ச ஸ்ருதியில் பாட வேண்டும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் அந்த உச்சத்தில்தான் ஒருவருக்கொருவர் சளைக்காமல் பாடினார்கள். அவ்வளவு உயரத்தில் ஆண்குரல், பெண்குரல் என்ற பேதம் குறுகிப் போகிறது. ஆண் வள்ளியும் பெண் நந்தனும் நம்பும்படி இருந்ததற்கு முகமும் உடையும் பாதிக் காரணம் என்றால் இந்த ஸ்ருதி மறுபாதி. மைக் வந்தபின் எல்லோரும் தணிந்த குரலில் பாடலாமென்று ஆயிற்று. தணிந்ததும் குரல்கள் பிரிந்தன. ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் கேட்கத் தொடங்கினார்கள். ஸ்திரீபார்ட் ஆண்களை மேடையிலிருந்து இறக்கியது பெண் நடிகைகள் என்றுதான் சொல்வது வழக்கம். ஒலிபெருக்கிக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

4

மற்ற இடங்களில் இப்படி இல்லை. மராத்தியில் நாராயண் ஸ்ரீபாத ராஜஹம்ஸ், பாலகந்தர்வர் என்ற பெயரில் 1967 வரை வாழ்ந்தார். அவர் மேடையில் சேலை கட்டிய விதத்தைப் பார்த்து வீட்டுப் பெண்கள் தங்கள் கட்டை மாற்றிக்கொண்டார்கள். வயதேறி உடம்பு கனத்த பிறகும் அவர் நாயகியாக நின்றதைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். புனேயில் 1968-லிருந்து அவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. குஜராத்தியில் ஜயசங்கர் போஜக் 1901-ல், பன்னிரண்டு வயதில், ‘சௌபாக்ய சுந்தரி’ நாடகத்தில் சுந்தரியாக நின்றார். ‘சுந்தரி’ அவர் பெயரின் பகுதியாகவே ஆகிவிட்டது. 1971-ல் பத்மபூஷண் வாங்கியபோதும் அவர் ஜயசங்கர் சுந்தரிதான். தெலுங்கில் ஸ்தானம் நரசிம்மராவ். சினிமாவும் இந்த வழியாகத்தான் வந்தது. 1913-ல் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் தாராமதியாக நின்றவர் சாளுங்கே என்ற ஆண், ஹோட்டல் சமையற்காரர். 1917-ல் ‘லங்கா தகன’த்தில் ராமனும் அவரே, சீதையும் அவரே.

பிரிட்டனில் டேனி லா ரூ என்று ஒருவர் இருந்தார். அயர்லாந்தில் 1927-ல் பிறந்து, கடற்படையில் வேலை பார்த்து, பிறகு பெண்ணுடையில் மேடையேறிப் பெரும் பணமும் பெயரும் சேர்த்தவர். 2002-ல் அரசாங்க விருது வாங்கி 2009-ல் காலமானார். இறகும் கண்ணாடிக் கல்லும் பதித்த கவுனில் அவர் வந்து நிற்பார். கூட்டம் வாய்பிளக்கும். உடனே கரகரத்த ஆண்குரலில், தெருவோரத்து ஆள் கூட்டாளிகளைக் கூப்பிடுவதைப் போல ஒரு கூப்பாடு போடுவார். தான் பெண்ணுக்கு நகலில்லை, கவுன் மாட்டிய விகடகவி என்பது அவர் கட்சி. உடுப்புக்கும் குரலுக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளியை மறைக்காமல் திறந்து காட்டியதுதான் அவர் பிழைப்பு.

இதற்கு நேர் எதிர்க்கோடி ஜப்பான். 1629-ல் பெண்கள் கபுகி மேடையிலிருந்து விலக்கப்பட்டபின் அங்கே ஆண்கள் பெண் வேஷத்தைத் தனிக் கலையாக வளர்த்தார்கள். யோஷிசாவா அயாமே என்ற நடிகர் (1673-1729), மேடைக்கு வெளியிலும் பெண்ணாகவே இருந்தாலன்றி மேடையில் பெண் வராது என்று கருதியவர். அங்கே இடைவெளியே கூடாது.

நம்முடைய ஸ்பெஷல் நாடகம் இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் ஓர் இடத்தில் இருந்தது. பார்க்க வந்த அத்தனை பேருக்கும் வள்ளி ஆண் என்று தெரியும். யாருடைய மகன், எந்தத் தெரு என்றுகூடத் தெரியும். வள்ளி திருமணமே வேஷங்களின் கதை. முருகன் வேடனாக வருகிறான், விருத்தனாக வருகிறான். யாரும் அவனை மோசடிக்காரன் என்று சொல்வதில்லை. அந்த வேஷங்களின் நடுவே வள்ளியும் ஒரு வேஷம். தெரிந்துகொண்டே நம்புவது என்ற காரியத்தைக் கிராமத்துக் கூட்டம் சிரமமில்லாமல் செய்தது. ‘அசல் பெண்ணென்று நினைத்துவிட்டோம்’ என்பது பிற்பாடு சொல்லிக்கொண்ட சமாதானம்.

5

கிழவரிடம் நான் நிறையப் பேசியிருக்கிறேன். பேச்சு எப்போதும் தொழில் பற்றியே இருக்கும். பெண்கள் எப்படி நடக்கிறார்கள் என்று கவனித்துப் பழகினீர்களா ஐயா என்று ஒருமுறை கேட்டேன். எல்லோரும் கேட்கும் கேள்வி. “கண்மாய்க்குத் தண்ணிக்குப் போற பொம்பளை மாதிரி மேடையிலே நடந்தா எவன் தம்பி பார்ப்பான்? அவ தண்ணி எடுக்கப் போறா. வள்ளி பார்க்கிறதுக்காகல்ல நடக்கா?” என்றார்.

பிறகு விவரமாகச் சொன்னார். ஆணுக்குத் தோள் அகலம்; அதை எந்த ரவிக்கையும் மறைக்காது. அதனால் கூட்டத்துக்கு நேரே நிற்கவே கூடாது. ஒரு தோளைப் பின்வாங்கி முக்கால் திருப்பத்தில் நிற்க வேண்டும். கை பெரிது, எதையும் முழுக்கையால் பிடிக்கக் கூடாது, விரல் நுனியால் தொட வேண்டும், விரல்களை ஒட்டவைத்து நீட்ட வேண்டும். தொண்டையில் குரல்வளை துருத்திக்கொண்டு நிற்கும். மோவாயைத் தாழ்த்தினால் அது மறையும். பாடும்போது தாழ்த்த முடியாது. அப்போது முந்தானையைக் கழுத்துவரை கொண்டுவந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கோபம் வந்தால் குரல் இறங்கி ஆண்குரல் எட்டிப்பார்க்கும். ஆகவே கோபத்தை அழுகையாக மாற்றிவிட வேண்டும். கால் பாதம் பெரிது. அடியைச் சுருக்கி வைக்க வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. குனிந்த தலை, பக்கவாட்டுப் பார்வை, விரல் நுனி, கழுத்தைச் சுற்றிய முந்தானை, சிற்றடி, கோபப்பட வேண்டிய இடத்தில் அழுகை. தமிழ் மேடையிலும் பிறகு தமிழ் சினிமாவிலும் பெண்மை என்று நாம் அறிந்ததெல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கிறது. நாணம் என்று நாம் ரசித்தவற்றில் எவ்வளவு, ஓர் ஆண் தன் குரல்வளையை மறைத்ததால் வந்தது? பெண் நடிகைகள் வந்தபோது அவர்களுக்குப் பாடம் சொன்னவர்கள் இந்த ஆண்களே. மறைக்க எதுவும் இல்லாத பெண்கள் மறைக்கும் முறைகளை அப்படியே கற்றுக்கொண்டார்கள்.

இதை நான் நேரிலும் பார்த்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு புதுப் பெண், இருபது வயதுக்குள் இருக்கும். கிழவர் அவளுக்கு நிற்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தாழ்த்து, கையை வீசாதே, அடியைக் குறுக்கு. அவளுக்குப் பொறுமை போய்விட்டது. “என்ன மாமா இது! நான் பொம்பளைதானே? எனக்கே பொம்பளை மாதிரி நிக்கச் சொல்லித் தர்றீகளே?” என்று சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை. “நீ பொம்பளைதான் தாயி. வள்ளி வேறே” என்றார்.

அந்தப் பதிலை நான் பல வருஷம் திருப்பித் திருப்பி யோசித்திருக்கிறேன். ஒரு பக்கம் பார்த்தால் அது ஒரு கலைஞனின் பதில். மேடையில் நிற்பது மனுஷியல்ல, ஒரு வடிவம். அதை யாரும் கட்ட வேண்டும், பெண்ணும்கூடக் கட்டத்தான் வேண்டும். கூத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதியவர்கள் சிரமப்பட்டுச் சொன்ன விஷயத்தை அவர் ஐந்து சொல்லில் சொல்லிவிட்டார். இன்னொரு பக்கம், அந்த வடிவத்தை உண்டாக்கியது ஆண்களின் உடம்பு, ஆண்களின் கற்பனை, ஆண்களின் அச்சம். அதற்குள் ஒரு பெண் தன்னை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது சுலபம்; நம் விமர்சனம் இரண்டையுமே விட்டுவிட்டது.

6

ராத்திரி ஒன்று, காலை ஒன்று. மயான காண்டத்தில் அவர் சந்திரமதியாக லோகிதாசன்மேல் விழுந்து புலம்பியபோது கூட்டத்தில் ஆண்கள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்களாம். அதே ஆண்கள் காலையில் டீக்கடைப் பெஞ்சில், “என்ன வள்ளி, தினைப்புனத்துக் காவல் முடிஞ்சுதா?” என்பார்கள். அவர் மேடையை விட்டு இருபது வருஷம் ஆன பிறகும் அந்த ‘வள்ளி’ போகவில்லை, நானே கேட்டிருக்கிறேன். குஜராத்தில் சுந்தரி என்ற பெயர் பத்மபூஷணோடு சேர்ந்தது. எங்கள் பக்கம் வள்ளி என்ற பெயர் டீக்கடையோடு நின்றுவிட்டது.

அவர் பதில் சொல்லிப் பார்த்ததில்லை. ஒருநாள் மட்டும் என்னிடம் சொன்னார்: “ராத்திரி கண்ணைத் தொடச்சவன்தான் தம்பி காலையிலே இளிக்கிறான். அவன் அழுததை நான் பார்த்துட்டேன்ல?”

1980-களில் நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு அவர் மனுப்போட்டார். மனுவை நிரப்பிக் கொடுத்தது நான். ஏற்ற பாத்திரங்கள் என்ற இடத்தில் வள்ளி, பவளக்கொடி, சந்திரமதி என்று எழுதினேன். ஓர் அலுவலகத்தில் அதை வாங்கிய குமாஸ்தா படித்துவிட்டுக் கிழவரின் நரைத்த தாடியையும் தோளில் கிடந்த கட்டம்போட்ட துண்டையும் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்ததில் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. பொழுது போகாத மத்தியானம். கிழவர் மனுவைத் திரும்ப வாங்கி, பாத்திரங்களின் பெயர்களை அடித்துவிட்டு ‘நடிகர்’ என்று மட்டும் எழுதச் சொன்னார். எழுதினேன். இருபது வருஷ உழைப்பு அந்த ஒற்றைச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. தொகை கிடைத்தது.

பரமக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. பவளக்கொடி வேஷம். முக்கால் திருப்பம், தாழ்ந்த மோவாய், விரல் நுனியில் ஒரு பூ. டிரங்குப் பெட்டியில் வேஷ்டிக்கு அடியில் வைத்திருந்தார். அவர் இறந்தபின் வீட்டில் மாலைபோட்டு மாட்டியிருப்பது ஒரு கல்யாணக் கும்பல் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். வெள்ளைச் சட்டை, விபூதி. பவளக்கொடிப் படம் எங்கே என்று மகனிடம் கேட்டேன். “அதெல்லாம் எதுக்குண்ணே? பிள்ளைக பள்ளிக்கூடம் போகுதுக” என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. டீக்கடை அவருக்கும் உண்டு.

இன்று இந்த விஷயங்களைப் பேசப் புதிய சொற்கள் வந்திருக்கின்றன. திருநங்கை என்ற சொல் வந்தது. 2008-ல் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தது. 2014-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ வாங்கினார். நல்ல காரியங்கள். ஆனால் கிழவரை இந்தச் சொற்களுக்குள் வைத்துப் பார்க்க எனக்கு உரிமை கிடையாது. அவர் தன்னைப் பற்றி அப்படியும் சொன்னதில்லை, இப்படியும் சொன்னதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தவர். சேலை கட்டி நின்ற நேரத்தில் உள்ளே யாராக இருந்தார் என்று கேட்டபோது, “ஸ்ருதியைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றார். அதை நழுவல் என்று எடுத்துக்கொள்ளலாம். முழு உண்மையென்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நடிகனிடம் அவனுடைய தொழிலை விட்டு அந்தரங்கத்தை மட்டுமே விசாரிப்பது டீக்கடைப் பெஞ்சின் இன்னொரு வகை.

சங்கரதாஸ் சுவாமிகளுக்கு மதுரைத் தமுக்கத்தில் சிலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ராஜபார்ட்டுகளின் இசைத்தட்டுக்கள் இருக்கின்றன. இந்த ஆண்கள் எப்படி நின்றார்கள், எதை மறைத்தார்கள், மறைத்ததிலிருந்து எதை உண்டாக்கினார்கள் என்று எழுதி வைக்க நம்மில் ஆள் இருக்கவில்லை. பெண்ணைப் போலவே இருந்தான் என்று எழுதினால் போதுமென்று விட்டுவிட்டோம். வரும் பங்குனியிலும் எங்கள் பக்கம் ஏதாவதொரு மேடையில் ஒரு பெண் முக்கால் திருப்பத்தில் நின்று, மோவாயைத் தாழ்த்தி, விரல் நுனியால் கவணைப் பிடித்து ஆலோலம் பாடுவாள். அது யாருடைய தோளை மறைக்க ஏற்பட்ட நிலை என்று அவளுக்குச் சொல்ல இப்போது யாருமில்லை.